காயீன் கேட்ட கேள்வி

காயீன் கதையை நாம் மூன்று வாக்கியங்களில் முடித்துவிடுகிறோம். அண்ணன் பொறாமைப்பட்டான், தம்பியைக் கொன்றான், கடவுள் தண்டித்தார். இப்படி முடித்துக்கொண்ட பிறகு அந்தக் கதையால் நமக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக் குழந்தைகளுக்குச் சொல்லலாம், மேடையில் உவமையாக்கலாம். ஆனால் ஆதியாகமத்தின் 4-ஆம் அதிகாரத்தில் 16 வசனங்களில் அடங்கிவிடுகிற அதை, உரைகளைத் தள்ளிவைத்துவிட்டு மெதுவாகப் படிக்கிறபோது மூன்று வாக்கியங்களுமே ஆட்டம் காண்கின்றன. பொறாமை என்ற சொல் அங்கே இல்லை; கோபமும் வாடிய முகமும்தான் இருக்கின்றன. கொலை அரை வசனத்தில் நடந்து முடிகிறது. தண்டனை என்று நாம் சொல்வது தண்டனைதானா என்பதே சந்தேகமாகிவிடுகிறது. இந்தச் சந்தேகத்தைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் திண்டுக்கல்காரன். இந்தக் கதையை இந்த ஊரிலிருந்து படிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. சூசையப்பர் ஆலயத்திலிருந்து பேகம்பூர் பெரிய பள்ளிவாசலுக்கு நடந்தே போய்விடலாம். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் பழனிக்கு நடக்கிற கூட்டம் இந்த ஊர் வழியாக இரவும் பகலும் போய்க்கொண்டிருக்கும். மூன்று இடங்களிலும் இரண்டு சகோதரர்களின் கதை ஒன்று இருக்கிறது. ஆலயத்தில் காயீனும் ஆபேலும். பள்ளிவாசலில் ஓதப்படும் குர்ஆனின் 5-ஆம் அத்தியாயத்தில், பெயர் சொல்லப்படாத ஆதமின் இரு மக்கள். காபீல், ஹாபீல் என்ற பெயர்கள் பின்னால் மரபு தந்தவை. பழனியில் ஒரு பழத்துக்காகப் பிரிந்த அண்ணன் தம்பி. மூன்றையும் சேர்த்து, எல்லா மதங்களும் ஒன்றையே சொல்கின்றன என்று முடிக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. அவை ஒன்றையே சொல்லவில்லை. ஒரு கதை மௌனமாக இருக்கும் இடத்தை இன்னொரு கதை காட்டிக்கொடுக்கிறது. அந்த அளவுக்கு அவை எனக்குத் தேவைப்படுகின்றன.

காயீன் நிலத்தை உழுகிறவன். ஆபேல் ஆடு மேய்ப்பவன். இதை வைத்துக்கொண்டு ஒரு நவீன விளக்கம் வெகுகாலமாக நடமாடுகிறது. குடியமர்ந்த விவசாயத்துக்கும் நாடோடி மேய்ச்சலுக்கும் இடையிலான சரித்திரப் பகையின் உருவகம் இது என்பார்கள். புத்தகத்தில் படிக்கிறபோது கச்சிதமாகத்தான் இருக்கிறது. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள செங்காட்டில் நாலு வருஷம் வெள்ளாமை பார்த்தவனுக்கு அப்படித் தோன்றாது. கடலையும் சோளமும் எடுத்த பிறகு, காட்டில் கிடை போடச் சொல்லி ஆட்டுக்காரரைத் தேடிப் போகிறவன் சம்சாரிதான். ராத்திரி முழுக்கப் படலுக்குள் அடைபட்டுக் கிடக்கும் ஆடுகளின் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். அதற்குப் பணமோ தானியமோ கொடுப்பான். ஆட்டு உரம் அந்த வருஷம், மாட்டு உரம் மறு வருஷம் என்று ஒரு பேச்சு உண்டு. பயிரில் ஆடு விழுந்தால் சண்டை வரும், பஞ்சாயத்து வரும், தண்டம் கட்டுவார்கள். அடுத்த வருஷம் அதே கிடை அதே காட்டுக்கு வரும். சுமேரியக் கதை ஒன்றில் இனான்னா தேவிக்காக மேய்ப்பன் துமுஸியும் உழவன் என்கிம்துவும் போட்டியிடுகிறார்கள். அதுவும் ரத்தத்தில் முடியவில்லை. உழவன் விட்டுக்கொடுக்க, சிநேகத்தில் முடிகிறது. இரண்டு தொழில்கள் ஒன்றோடொன்று சச்சரவிட்டபடியே பிழைத்துக்கொள்ளும். ஒருவன் இன்னொருவனைக் கொல்வதற்கு வேறொன்று வேண்டியிருக்கிறது.

அது பார்வை. இருவரும் காணிக்கை கொண்டுவருகிறார்கள். ஆபேலையும் அவன் காணிக்கையையும் கடவுள் ஏறெடுத்துப் பார்க்கிறார்; காயீனையும் அவன் காணிக்கையையும் பார்க்கவில்லை. ஏன் என்று கதை சொல்லவில்லை. ஆபேல் தலையீற்றைக் கொண்டுவந்தான், காயீன் ஏதோ விளைந்ததைக் கொண்டுவந்தான் என்று உரைகாரர்கள் காரணம் கட்டுகிறார்கள். புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு எழுதின நிருபம் ஆபேலின் விசுவாசத்தைக் காரணமாக்குகிறது. கடவுளை நியாயஸ்தராக வைத்திருக்க வேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்கு. அந்த நிர்ப்பந்தம் இல்லாமல் படித்தால், காரணம் சொல்லப்படாததுதான் கதையின் நேர்மை என்று படுகிறது. சிறுமலைப் பக்கமிருந்து இறங்குகிற மழை வரப்புக்கு இந்தப் பக்கம் நனைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் தொடாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். நனையாத காட்டுக்காரன் என்ன பாவம் செய்தான் என்று வேறு யாரும் கேட்பதில்லை. அவன் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பான்.

வானத்தின் பாரபட்சத்தையாவது தாங்கிக்கொள்ளலாம். தகப்பனின் பாரபட்சம் அப்படிப்பட்டதல்ல. பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் தன் மக்களில் வீரபாண்டியன் மீது காட்டிய பிரியம் சுந்தரபாண்டியனைத் தந்தையையே கொல்ல வைத்தது என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். அது 1310. அண்ணன் தம்பி சண்டையில் நாடு பிளந்து கிடந்தபோது, 1311-இல் மாலிக் காபூரின் படை மதுரைவரை வந்து போயிற்று. பார்க்கப்படாதவனுடைய கோபத்துக்கு ராஜ்யத்தின் அளவு, நாலு குறுக்கத்தின் அளவு என்றெல்லாம் வித்தியாசம் கிடையாது.

முகம் வாடி நிற்கிற காயீனிடம் கடவுள் வந்து பேசுகிறார். இதை நாம் கவனிப்பதே இல்லை. ஆபேலிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதாகக் கதையில் இல்லை. தான் ஏறெடுத்துப் பார்க்காத காயீனிடம்தான் வந்து, ஏன் இந்தக் கோபம், ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்கிறார். வாசற்படியில் ஒரு மிருகம் மாதிரிப் பாவம் படுத்துக் கிடக்கிறது, அதை நீ ஆளமுடியும் என்கிறார். காயீன் பதில் சொல்லவில்லை. என் வாசிப்பில் கதையின் முதல் விபத்து கொலை அல்ல. கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவன் நின்ற அந்தக் கணம்தான் முதல் விபத்து. அநியாயம் நடந்திருக்கிறது என்று அவன் கடவுளிடமே கத்தியிருக்கலாம். யோபு கத்தினான், அவனுக்கு அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

பழனிக் கதையும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. ஒரே பழம், பங்கிட முடியாத பழம். உலகத்தை உடம்பால் சுற்றிவந்தவனுக்கு அது கிடைக்கவில்லை, பெற்றோரைச் சுற்றியவனுக்குக் கிடைத்துவிட்டது. சுற்றிவந்தவன் ஏமாந்துதான் போனான்; அதைக் கதை மறைக்கவில்லை. ஆனால் அவன் கோபம் கையில் இறங்காமல் காலில் இறங்கியது. எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு கோலோடு மலையில் போய் நின்றான். பெற்றோர் தேடிவந்து சமாதானம் சொன்னார்கள், அவன் இறங்கவில்லை. நம் மரபு செய்த விசித்திரமான காரியம் என்னவென்றால், பழம் கிடைத்தவனுக்குத் தெருமுனையில் கோவில் கட்டிவிட்டு, பழம் கிடைக்காதவனைப் பார்க்கக் கால் கொப்புளிக்க நடந்துபோவது. நிராகரிக்கப்பட்டவனின் கோபத்துக்கு ஒரு மலையை ஒதுக்கிக் கொடுத்தோம். காயீனுக்கு அப்படி ஒரு மலை இருந்திருந்தால் என்று எனக்குச் சில சமயம் தோன்றும். அவனுக்கு இருந்தது வயல் மட்டும்தான்.

வயலுக்குப் போகும் முன் மூலத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. எபிரேயப் பிரதியில், காயீன் தன் தம்பி ஆபேலிடம் சொன்னான் என்று ஒரு வாக்கியம் தொடங்குகிறது. என்ன சொன்னான் என்பது இல்லை. அடுத்தாற்போல் இருவரும் வயலில் இருக்கிறார்கள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் சமாரியர்களின் பிரதியும் அந்தப் பள்ளத்தை நிரப்பி, வயலுக்குப் போகலாம் என்று அழைத்ததாகச் சொல்கின்றன. தமிழிலும் இந்தப் பிளவு இருக்கிறது. 1871-இல் வந்த பவர் குழுவின் மொழிபெயர்ப்பில் காயீன் தம்பியோடு பேசினான் என்று மட்டும் இருக்கும். 1995-இல் வந்த திருவிவிலியத்தில் அவன் வயல்வெளிக்கு அழைக்கிறான். அழைத்தான் என்றால் அது சதி. வெறுமனே பேசினான் என்றால், அவன் எதையோ சொல்ல முயன்றான், முடியவில்லை என்றும் ஆகலாம். நான் பள்ளத்தை நிரப்பாமலே விட்டுவைக்க விரும்புகிறேன். அண்ணன் தம்பிக்குள் கடைசியாக என்ன பேச்சு நடந்தது என்று மூன்றாம் மனிதருக்கு எப்போதும் தெரிவதில்லை.

ஆபேல் அங்கே ஒன்றும் பேசுவதில்லை. அவன் பெயரான ஹேவெல் என்பதற்கு மூச்சு, ஆவி என்று பொருள். பிரசங்கி எல்லாமே மாயை என்கிறபோது பயன்படுகிற அதே சொல். கதை முழுக்க மூச்சு மாதிரியே வந்து போகிறான். குர்ஆனில் தம்பி பேசுகிறான்: நீ என்னைக் கொல்லக் கை நீட்டினாலும் உன்னைக் கொல்ல நான் கை நீட்டமாட்டேன் என்கிறான். கொன்ற பிறகு உடலை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் அண்ணனுக்கு ஒரு காகம் மண்ணைக் கிளறிக் காட்டுகிறது. இந்தக் காகம் அளவுக்குக்கூட என்னால் முடியவில்லையே என்று அவன் தன்னை நொந்துகொள்கிறான். மனிதனுக்கு அடக்கம் செய்யக் கற்றுக்கொடுத்தது ஒரு காகம் என்பது எவ்வளவு குரூரமான, எவ்வளவு பரிவான கற்பனை! ஆதியாகமத்தில் காகம் இல்லை. அங்கே மண் வாய் திறந்து ரத்தத்தை வாங்கிக்கொள்கிறது. உயிரோடு இருந்தபோது குரலே இல்லாதவனின் ரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுகிறது. மூலத்தில் ரத்தம் என்ற சொல் பன்மையில் இருக்கிறது. அவனுடைய ரத்தமும் அவனுக்குப் பிறக்காமல் போன சந்ததிகளின் ரத்தமும் என்று யூதர்களின் மிஷ்னா அதற்குப் பொருள் சொல்கிறது.

இப்போதுதான் இரண்டாவது கேள்வி வருகிறது: உன் தம்பி எங்கே? காயீன் முதல்முறையாகக் கடவுளுக்குப் பதில் சொல்கிறான். தெரியாது என்கிறான், பிறகு தானே ஒரு கேள்வி கேட்கிறான், நான் என்ன அவனுக்குக் காவலாளா என்று. அண்ணன் தம்பி உறவைக் குறிக்கும் சொல் இந்தச் சில வசனங்களில் ஏழு முறை வருகிறது. ஏழு முறையும் ஆபேல்தான் காயீனுக்குத் தம்பி. காயீன் ஆபேலுக்கு அண்ணன் என்று ஒருமுறைகூட இல்லை. உறவின் பாரம் முழுவதையும் கதை இவன் தோளில் மட்டும் வைக்கிறது. அதைத்தான் அவன் கேள்வி உதறுகிறது.

காவல் என்பதற்கு அங்கே உள்ள சொல் ஷாமர் என்ற வினையிலிருந்து பிறந்தது. அதே வினை இரண்டு அதிகாரங்களுக்கு முன்னால் ஏற்கெனவே வந்திருக்கிறது. ஆதாமைத் தோட்டத்தில் வைத்தபோது கொடுக்கப்பட்ட வேலை இரண்டு: பண்படுத்துவது, காப்பது. காயீன் அறிமுகமாகும்போது அவன் மண்ணைப் பண்படுத்துகிறவன் என்று அந்த முதல் வேலைக்குரிய சொல்லாலேயே சொல்லப்படுகிறான். தகப்பனிடமிருந்து பாதி வேலையை அவன் வாங்கிக்கொண்டிருக்கிறான். மீதிப் பாதியைப் பற்றித்தான், அது என் வேலையா என்று கேட்கிறான். உழைப்பாளிதான், மண்ணிடம் பாடுபட்டவன்தான். ஆனால் விளையவைப்பது மட்டும் தன் பொறுப்பு, காப்பது வேறு யாருடைய பொறுப்போ என்று நம்பியவன். இந்த நம்பிக்கையை அவனிடம் மட்டும் பார்ப்பது சுயமோசடி.

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். அலிகார் பூட்டு வந்து தொழிலை நசுக்கிய பிறகு, 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே காவல் என்றால் பொருளைக் காப்பது. காயீனின் வம்சாவளியைத் தொடர்ந்து படித்தால், தூபால்காயீன் என்ற பேர்பெற்ற கொல்லன் வருகிறான். பித்தளையிலும் இரும்பிலும் வேலை செய்கிறவர்களின் முன்னோடி. காயீனே ஒரு நகரத்தைக் கட்டுகிறான். தம்பிக்குக் காவலிருக்க மறுத்தவனின் வம்சத்தில் மதிலும் இரும்பும் வருவது தற்செயலா என்று தெரியவில்லை. ஒருவர்க்கொருவர் காவல் என்ற நிலை போன பிறகுதான் பூட்டு தேவைப்படுகிறது என்பது மட்டும் நிச்சயம்.

இங்கே என் சொந்த விஷயத்தைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது. தமிழில் கூடப் பிறந்தவனுக்கு இரண்டு பெயர் இருக்கிறது. சகோதரன் என்ற சொல் ஒரே வயிற்றை நினைவில் வைத்திருக்கிறது. பங்காளி என்ற சொல் ஒரே நிலத்தை நினைவில் வைத்திருக்கிறது. அப்பா இறந்து பாகம் பிரித்ததும் நானும் என் தம்பியும் முதல் சொல்லிலிருந்து இரண்டாவது சொல்லுக்குக் குடிபெயர்ந்தோம். நிலத்தைப் பிரித்துவிடலாம், கிணற்றைப் பிரிக்க முடியாது. மூன்று நாள் அவன் முறை, மூன்று நாள் என் முறை. என் முறையில் ஒருநாள் ராத்திரி அவன் மோட்டார் போட்டான் என்று நான் சொன்னேன். கரண்ட் இல்லாமல் போன தன் நேரத்துக்கு ஈடு என்று அவன் சொன்னான். அதற்குப் பிறகு மோட்டார் ரூம் நாதாங்கியில் இரண்டு பூட்டுகள் தொங்கின, ஒன்று என்னுடையது, ஒன்று அவனுடையது. இரண்டும் திறந்தால்தான் கதவு திறக்கும். இரண்டுமே நம்மூர்ப் பூட்டுதான். சில வருஷத்தில் கிணறு வற்றியது. அவன் திருப்பூருக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். பேச்சு நின்று 11 வருஷம் ஆகிறது.

ஒரு கையெழுத்து விஷயமாக ஓர் அலுவலகத்தில் நின்றபோது, அங்கிருந்தவர் சாதாரணமாகக் கேட்டார்: "உங்க தம்பி இப்ப எங்கே இருக்காரு?" நான் சொன்னேன்: "எனக்கென்ன தெரியும்? அவன் பின்னாலேயா சுத்திக்கிட்டிருக்கேன்?" அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பஸ்ஸில் திரும்பி வருகிறபோதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்குக் கேட்டது. நான் யாரையும் கொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் கொலை செய்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று தெரிந்துபோயிற்று. காயீனைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்யதை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

தண்டனைக்கு வருகிறேன். மண் இனி உனக்குத் தன் பலனைத் தராது, நீ அலைந்து திரிவாய் என்று கடவுள் சொன்னதும் காயீன் புலம்புகிறான். அவன் சொல்வதில் ஆவோன் என்ற ஒரு சொல் இருக்கிறது. அதற்குக் குற்றம் என்றும் அர்த்தம், குற்றத்தின் தண்டனை என்றும் அர்த்தம். ஜெரோமின் லத்தீன் மொழிபெயர்ப்பு முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு, என் பாவம் மன்னிப்புக்கு மீறியது என்ற தொனியில் அவனைப் பேசவைக்கிறது. நமது தமிழ் மொழிபெயர்ப்புகள் இரண்டும் தண்டனை என்றே போடுகின்றன. முதலாவது காயீன் வருந்துகிறவன். இரண்டாவது காயீன் பயந்தவன். இரண்டையும் ஒருங்கே சொல்லத் தமிழில் ஒரு சொல் கையருகிலேயே இருந்தது: வினை. செயலும் வினை, செயலின் பயனும் வினை. மறுபிறவிச் சிந்தனை அதன் பின்னாலேயே வந்துவிடும் என்று மொழிபெயர்ப்பாளர்கள் அஞ்சியிருக்கலாம். அஞ்சியதில் நியாயமும் உண்டு. ஆனாலும் கதையின் போக்கு அந்தச் சொல்லுக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது. கடவுள் மேலிருந்து எதையும் எறியவில்லை. எந்த மண்ணில் ரத்தத்தை ஊற்றினானோ அந்த மண் இவனை மறுக்கிறது. காக்க மறுத்தவனுக்கு இனி நிலைக்க இடமில்லை. தண்டனை செயலுக்குள்ளேயே இருந்தது.

இப்படிச் சொல்லி முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் திண்டுக்கல் மண் அனுமதிப்பதில்லை. தோல் பதனிடும் கழிவின் உப்பும் குரோமியமும் இறங்கி, கொடகனாற்றுப் படுகையில் கிணறுகள் கெட்டுப்போன காடுகளை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். மண் அங்கேயும் பலனைத் தர மறுத்தது. யாருக்கு? கழிவை விட்டவனுக்கு அல்ல. பக்கத்துக் காட்டில் தென்னை வைத்திருந்தவனுக்கு. வினை தானே போய் விதைத்தவனைக் கண்டுபிடிக்கும் என்பது ஆறுதலான தத்துவம். ஆபேல்களுக்கு அது சாட்சியாக வருவதில்லை. அதனால்தான் கதையில் மண் மட்டும் போதவில்லை. ஒருவர் நேரில் வந்து, எங்கே என்று கேட்க வேண்டியிருக்கிறது. செயலுக்குள் தண்டனை இருக்கலாம். நீதி கேட்கிறவர் இருந்தால்தான் இருக்கும்.

கேட்டவர் அதோடு நிற்கவில்லை. என்னைக் காண்கிறவன் எவனும் என்னைக் கொல்வான் என்று காயீன் நடுங்குகிறான். அப்போது கடவுள் அவன்மேல் ஓர் அடையாளம் போடுகிறார். காயீனின் முத்திரை என்றால் நாம் களங்கம் என்று அர்த்தம் செய்துகொள்கிறோம். கறுப்பு நிறமே அந்த முத்திரை என்று சொல்லி அடிமை வியாபாரத்துக்கு நியாயம் தேடியவர்கள் இருந்தார்கள். கதையில் அது பாதுகாப்பு. இவனைக் கொல்லக்கூடாது என்பதற்கான அடையாளம். காவல் என் வேலையா என்று கேட்டவன் கடைசியில் காவல் கேட்டுக் கெஞ்சி நிற்கிறான். அது அவனுக்குக் கிடைக்கிறது. அவன் கேள்விக்குக் கடவுள் வார்த்தையில் பதில் சொல்லவே இல்லை. ஆம், காவல்தான் என்ற பதிலை அவன் உடம்பின்மேல் எழுதிவிடுகிறார். கொலைகாரனும் காக்கப்பட வேண்டியவன் என்றால், தம்பியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இது எளிதில் ஜீரணமாகிற பதில் அல்ல. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் ஒரு தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். பழனியைச் சேர்ந்த, வேறு சாதிப் பெண் ஒருவரை அவர் மணந்திருந்தார். கோபம் காலில் இறங்கியவனின் மலையடிவாரத்து ஊர் அது. கேமராவில் பதிவான அந்தக் காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் 6 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஒளிப்பதற்கில்லை. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றம் பெண்ணின் தந்தையை விடுதலை செய்து, மற்ற ஐவரின் தூக்கை 25 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனையாக மாற்றியது. அன்று ஆத்திரமாக இருந்தது. தூக்குத் தண்டனைக்கு எதிராக அதற்கு முன் பேசியவன்தான் நான். ஆனால் ரத்தம் கூப்பிடுகிறபோது கொள்கை காதில் விழுவதில்லை.

சாதி என்பது யாரெல்லாம் என் சகோதரன் இல்லை என்பதற்கான பட்டியல். அந்தப் பட்டியல் கையில் இருக்கிறவன் காயீனைப் போலப் பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. கொன்றவன் சகோதரனைக் கொன்றதாகவே உணர்வதில்லை. இவர்களுக்கும் அந்த அடையாளம் உண்டா என்பதே என்னைத் தூங்கவிடாத கேள்வி. கதை உண்டு என்கிறது. ஆனால் கதை இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்கிறது என்பதை மறக்கக்கூடாது. முதலில் ஆபேலின் ரத்தத்தைக் கேட்கிறது. எங்கே என்று விசாரிக்கிறது. தெரியாது என்ற பதிலை ஏற்க மறுக்கிறது. அதற்குப் பிறகுதான் காயீனைக் காக்கிறது. முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதைச் செய்கிற கருணை, கொலையாளியின் பக்கம் நிற்பதுதான். இரண்டாவதை விட்டு முதலாவதோடு நின்றுவிடுகிற நீதி எங்கே போகும் என்பதையும் அதே அதிகாரம் சொல்கிறது. காயீனின் வம்சத்தில் லாமேக்கு என்றொருவன் வருகிறான். காயீனுக்காக ஏழு மடங்கு பழி என்றால் எனக்காக எழுபத்தேழு மடங்கு என்று மனைவிகளிடம் வீரம் பேசுகிறான். காவலுக்கென்று போட்ட வேலியை அவன் பழிக்கணக்கின் முதல் வரியாக்கிக்கொண்டான். நம் தெருக்களில் நடக்கிற பழிக்குப் பழிகளில் நான் கேட்பது இவன் குரலைத்தான்.

ஆகவே காயீன் கதை தண்டனையின் கதை என்று என்னால் இனி சொல்ல முடியாது. அது இரண்டு கேள்விகளின் கதை. முகம் ஏன் வாடியிருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்திருந்தால், எங்கே என்ற கேள்வி வந்திருக்காது. முதல் கேள்வியைக் கேட்க ஆளில்லாத வீடுகளும் ஊர்களும்தான் நம்முடையவை. இரண்டாவது கேள்வியைக் காவல் நிலையங்கள் கேட்கின்றன, அதுவும் பல சமயம் காலம் கடந்து.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது மோட்டார் ரூமில் என் பூட்டைக் கழற்றினேன். துருவேறி, சாவி நுழைய எண்ணெய் விட வேண்டியிருந்தது. அவன் பூட்டு அப்படியே தொங்குகிறது, கதவு திறக்கவில்லை. கொல்லனைக் கூப்பிட்டு உடைத்துவிடலாம் என்று பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குச் சாவி எங்கே இருக்கிறதோ, அங்கே போய்க் கேட்க வேண்டும்.